டிரக் டிரைவருக்கு டிக்கெட் விழுந்தால்: அமெரிக்காவில் சிடிஎல் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள முழு வழிகாட்டி

அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவருக்குப் போக்குவரத்து விதியை மீறியதற்காக டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, வந்தால் ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு, இன்சூரன்ஸ் ஏறுமே என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு மறந்துவிடலாம். கமர்ஷியல் லைசென்ஸ், அதாவது சிடிஎல் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கூட்டாட்சி விதிப்படி அபராதம் கட்டுவதும் கோர்ட்டில் குற்றம் நிரூபணமாவதும் ஒன்றுதான். கோர்ட் செலவை மட்டும் கட்டினாலும், ‘எதிர்த்து வாதாடவில்லை’ என்று சொன்னாலும் அதே கணக்குதான். பணம் 200 டாலரோ 300 டாலரோ, அது பெரிய விஷயமே இல்லை. அதன் பின்னால் 60 நாள் வண்டி ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார நேரலாம், அல்லது அடுத்த மூன்று ஆண்டுக்கு நல்ல கம்பெனிகள் கதவைச் சாத்திவிடலாம்.

அதனால் கவுண்டி கோர்ட் இணையதளத்தில் கார்டு நம்பரைப் போடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். லேர்னர் பெர்மிட்டில் ஓட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரே டிக்கெட், நான்கு ஃபைல்

டிக்கெட் எங்கெல்லாம் பதிவாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே போராடுவது என்று தெரியும். பல டிரைவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

முதல் ஃபைல் எம்விஆர். உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த மாநிலம் வைத்திருக்கும் டிரைவிங் ரெக்கார்டு இது. டெக்சாஸ் லைசென்ஸோடு போய் ஒஹாயோவில் மாட்டினால் டெக்சாஸுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். குற்றம் உறுதியானதும் 10 நாளுக்குள் ஒஹாயோ அதைத் தெரிவித்தாக வேண்டும். ஒரு காலத்தில் சில டிரைவர்கள் நாலைந்து மாநிலங்களில் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு டிக்கெட்டுகளைப் பங்கு போட்டு வாங்கினார்கள். 1986-இல் வந்த சட்டம் அதற்கு முடிவு கட்டியது. இப்போது ஒரு டிரைவருக்கு ஒரே லைசென்ஸ், ஒரே ரெக்கார்டு.

இரண்டாவது பிஎஸ்பி. டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தகவலிலிருந்து எடுக்கப்படும் அறிக்கை. உங்கள் பெயரில் 5 ஆண்டு விபத்துகளும் 3 ஆண்டு ரோட்டோரச் சோதனைகளும் இதில் வரும். இதற்குக் கோர்ட் தீர்ப்பு தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். அதிகாரி சோதனை அறிக்கையில் ஒரு மீறலை எழுதினால் போதும், பதிவாகிவிடும். “டிக்கெட் தரல, வார்னிங்தான் கொடுத்தார்” என்று நிம்மதியாகக் கிளம்பியவர் ஆறு மாதம் கழித்து வேலை தேடும்போது அதே வார்னிங் பிஎஸ்பியில் இருப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, உங்கள் கம்பெனியின் சிஎஸ்ஏ மதிப்பெண், அதாவது எஃப்எம்சிஎஸ்ஏ கம்பெனிகளுக்குப் போடும் பாதுகாப்புக் கணக்கு. கடந்த 24 மாத மீறல்கள் கம்பெனி கணக்கில் ஏறும். புதிய மீறலுக்குக் கனம் அதிகம். நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் நீங்கள் வாங்கியது அங்கேயே இருக்கும். மதிப்பெண் மோசமானால் அந்தக் கம்பெனி வண்டிகள் அடிக்கடி நிறுத்தப்படும், இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். சேஃப்டி மேனேஜர் உங்களிடம் கோபப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சில ஆள்சேர்ப்பவர்கள் “உங்க சிஎஸ்ஏ பாயிண்ட் எத்தனை?” என்று கேட்பார்கள். அரசாங்கம் டிரைவருக்கென்று அப்படி ஒரு பாயிண்ட் தருவதில்லை. அவர்கள் கேட்பது பிஎஸ்பியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

நான்காவது டாக் ரிப்போர்ட். இது தனியார் அறிக்கை. முந்தைய கம்பெனிகள் உங்களைப் பற்றி, முக்கியமாக நீங்கள் எப்படி வேலையை விட்டீர்கள் என்பதைப் பற்றிச் சொன்னவை இதில் இருக்கும். டிக்கெட் காரணமாக வேலை போனால் இங்கேயும் ஒரு வரி சேரும்.

எந்த டிக்கெட் எவ்வளவு கனம்?

பார்க்கிங் டிக்கெட்டைக் கட்டிவிட்டுப் போங்கள். எடை அதிகம், லைட் எரியவில்லை போன்றவை ஓட்டும் விதத்தைப் பற்றியவை அல்ல, லைசென்ஸைப் பெரிதாகத் தொடாது. சோதனை அறிக்கையில் ஏறும், அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டிய பட்டியல் ஒன்று உண்டு. கூட்டாட்சி விதி இவற்றை ‘கடுமையான மீறல்’ என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது: வேக வரம்பைவிட 15 மைல் அல்லது அதற்கு மேல் போவது, பொறுப்பில்லாமல் ஓட்டுவது, தப்பாக லேன் மாறுவது, முன்வண்டியை ஒட்டிப் போவது, உயிரிழப்பு விபத்தோடு சேர்ந்த எந்தப் போக்குவரத்து மீறலும், ஓட்டும்போது மெசேஜ் அடிப்பது, போனைக் கையில் பிடிப்பது, சிடிஎல் இல்லாமலோ சரியான வகுப்பு இல்லாமலோ கமர்ஷியல் வண்டி ஓட்டுவது.

மூன்று ஆண்டுக்குள் இவற்றில் ஏதாவது இரண்டு, வெவ்வேறு சம்பவங்களில் உறுதியானால் 60 நாள் ஓட்டத் தடை. மூன்றாவது வந்தால் 120 நாள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. போன வருஷம் லேன் மாறியதற்கு ஒன்று, இந்த வருஷம் போனுக்கு ஒன்று என்றாலும் கணக்கு சேர்ந்துவிடும். ஒரே நிறுத்தத்தில் இரண்டு டிக்கெட் எழுதினால் அது ஒரே சம்பவம். இந்தத் தடைக் காலத்தில் ‘வேலைக்கு மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்’ என்று சலுகை கேட்க முடியாது. காருக்கு அப்படிக் கொடுக்கும் மாநிலங்கள்கூட டிரக்குக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த 15 மைல் எவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் ஐ-5 ஒரு நல்ல உதாரணம். சென்ட்ரல் வேலி பகுதியில் கார்களுக்கு வரம்பு 70 மைல். மூன்று ஆக்ஸிலோ (சக்கர அச்சு) அதற்கு மேலோ உள்ள டிரக்குக்கு 55. பக்கத்தில் போகும் கார்களின் வேகத்துக்கு ஈடாக நீங்களும் 70-இல் போகிறீர்கள். காரில் இருப்பவர் சட்டப்படி சரியாகப் போகிறார், நீங்கள் 15 மைல் அதிகம். அவருக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குக் கடுமையான மீறல். அதே இடத்தில் 69-இல் பிடிபட்டிருந்தால் சாதாரண வேக டிக்கெட். அந்த ஒரு மைல் வித்தியாசத்துக்காக வக்கீல் வைத்து வாதாடுவது வீண் செலவில்லை. போதாக்குறைக்கு, கமர்ஷியல் வண்டியில் வாங்கும் மீறலுக்குக் கலிஃபோர்னியா லைசென்ஸ் ரெக்கார்டில் ஒன்றரை மடங்கு பாயிண்ட் (குற்றப் புள்ளி) போடும்.

போன் விஷயத்தில் ஒன்று: சிக்னலிலோ நெரிசலிலோ நின்றுகொண்டிருந்தாலும் ஓட்டுவதாகத்தான் கணக்கு. ஒரே பட்டனைத் தட்டிப் பேசலாம், கையில் பிடிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய வகையும் இருக்கிறது. டிரக்கில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.04 சதவீதம் இருந்தாலே போதும். குடித்துவிட்டு ஓட்டியது, பரிசோதனைக்கு மறுத்தது, விபத்து இடத்தைவிட்டு ஓடியது, வண்டியைப் பெருங்குற்றத்துக்குப் பயன்படுத்தியது எல்லாம் முதல் தடவையே ஓராண்டுத் தடை. அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் மூன்று ஆண்டு. இரண்டாவது தடவை ஆயுள் தடை. மாநிலம் மனது வைத்தால் 10 ஆண்டு கழித்துத் திரும்பக் கொடுக்கலாம். போதைப்பொருள் கடத்தலுக்கோ ஆள்கடத்தலுக்கோ வண்டியைப் பயன்படுத்தியவருக்கு அந்த 10 ஆண்டுச் சலுகையும் கிடையாது.

ரயில்வே கிராசிங் மீறலுக்குத் தனிக் கணக்கு. இங்கே இரண்டாவதுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், முதல் தடவையே 60 நாள். மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது 120 நாள், மூன்றாவது ஓராண்டு.

‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ என்று நிறுத்திவைத்த பிறகும் வண்டியை எடுத்தால் குறைந்தது 180 நாள். 2025 ஜூன் 25 முதல், சோதனையில் அதிகாரியோடு ஆங்கிலத்தில் பேசிப் புரியவைக்க முடியாவிட்டாலும் இப்படி நிறுத்தலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் நம்மவர்கள் லாக் (ஓட்டிய, ஓய்வெடுத்த நேரங்களின் பதிவு), சரக்கு, போகும் இடம், வண்டிப் பழுது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. நிறுத்திவிட்டார்கள் என்றால் டிஸ்பேட்சர் (லோடு ஒதுக்கி அனுப்புகிறவர்) என்ன சொன்னாலும் அங்கிருந்து நகராதீர்கள்.

சொந்தக் காருக்கும் இதெல்லாம் உண்டா? பாதி உண்டு. காரில் வாங்கிய வேக டிக்கெட், அதன் விளைவாக உங்கள் லைசென்ஸே முடக்கப்பட்டால்தான் அந்த 60 நாள் கணக்கில் சேரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டினால் திங்கட்கிழமை டிரக் வேலையும் ஓராண்டுக்குப் போய்விடும்.

படி 1: ரோட்டோரத்தில்

வாதாடும் இடம் அதுவல்ல. கேட்ட பேப்பரைக் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், “ஆமாம் சார், கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதிகாரியின் குறிப்பில் அது ஏறும். டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. குறிப்பிட்ட தேதிக்குள் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழிதான் அது, போட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் காகிதத்தை நிதானமாகப் பாருங்கள். எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை மைல் வரம்பில் எத்தனை மைல், கமர்ஷியல் வண்டி என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா, அபாயச் சரக்கு என்று தவறாகக் குறித்திருக்கிறாரா, பதில் சொல்ல வேண்டிய தேதி என்ன. சோதனை அறிக்கை தனியாகக் கொடுத்தால் அதிலும் டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் தேவைப்படும். அந்த அறிக்கையைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கம்பெனி சரிசெய்து, 15 நாளுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

படி 2: அன்று இரவே

டேஷ்கேம் வீடியோவைத் தனியாக எடுத்து வையுங்கள். கேமரா பழையதன் மேலேயே பதிவு செய்துகொண்டு போகும், நாலு நாள் விட்டால் இருக்காது. வேகப் பலகை, லேன் கோடு, மறைத்துக்கொண்டிருந்த மரக்கிளை என்று எது உதவுமோ படம் எடுங்கள். கம்பெனி வண்டி என்றால் ஜிபிஎஸ் வேகப் பதிவையும் லாக்கையும் பத்திரமாக வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். லாக்கை ஆறு மாதம்தான் கம்பெனி வைத்திருக்க வேண்டும். கோர்ட் தேதி அதைத் தாண்டிப் போவது சகஜம்.

அப்புறம் கம்பெனி விதியைப் பாருங்கள். குற்றம் உறுதியான பிறகு தெரிவித்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பல கம்பெனிகளோ டிக்கெட் கையில் வந்ததுமே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கும்.

படி 3: பதில் தேதிக்குள் முடிவெடுப்பது

மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது கடுமையான மீறல் பட்டியலில் இருக்கிறதா? கடந்த மூன்று ஆண்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? கம்பெனியோ அதன் இன்சூரன்ஸோ எத்தனை மீறலை ஏற்கும்? முதல் இரண்டில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால் யோசிக்காமல் பணம் கட்டாதீர்கள். குற்றத்தை மறுத்து விசாரணை கேளுங்கள். வரம்பைவிட 7 மைல் அதிகம், முன்பு ஒன்றுமே இல்லை, கம்பெனியும் கண்டுகொள்ளாது என்றால் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதும் நியாயமான முடிவே.

பதிலே சொல்லாமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. வேறு மாநில டிக்கெட்தானே என்று விட்டால், பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி உங்கள் மாநிலமே லைசென்ஸை முடக்கிவிடும். கடிதம் வீட்டுக்குப் போகும், நீங்கள் ரோட்டில் இருப்பீர்கள். அடுத்த சோதனையில்தான் விஷயம் தெரியும்.

படி 4: கோர்ட்டும் வக்கீலும்

இங்கேதான் சிடிஎல்காரர்கள் ஏமாறுகிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள் டிராஃபிக் ஸ்கூல் போய் டிக்கெட்டை மறைப்பார்கள், அல்லது ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் தள்ளுபடி என்று கோர்ட்டோடு பேசிக்கொள்வார்கள். சிடிஎல் வைத்திருப்பவருக்கு எந்த மாநிலமும் அப்படி மறைத்துத் தரக் கூடாது என்று கூட்டாட்சி விதி தடுக்கிறது. சொந்தக் காரில் வாங்கிய டிக்கெட்டுக்கும் இதே தடைதான். பார்க்கிங், எடை, வண்டிப் பழுது மட்டும் விலக்கு. டெக்சாஸில் தள்ளிவைத்த தீர்ப்பும் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பும் சிடிஎல்காரர்களுக்குக் கிடையாது. கலிஃபோர்னியாவில் சொந்தக் கார் டிக்கெட்டுக்கு டிராஃபிக் ஸ்கூல் போகலாம். பாயிண்ட் ஏறாது, ஆனால் மீறல் ரெக்கார்டில் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

அப்படியானால் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆதாரம் பலவீனமாக இருந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம். தீர்ப்புக்கு முன் அரசு வக்கீல் உண்மைக்குப் பொருந்தும்படி குற்றச்சாட்டைக் குறைக்கவும் செய்யலாம். 16 மைல் அதிகம் என்பது 14 மைல் என்று மாறினால் அது கடுமையான மீறல் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும். அபராதம் குறையாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பேரமே குற்றத்தின் வகையைப் பற்றியது, தொகையைப் பற்றியது அல்ல.

வக்கீல் தேடும்போது அந்தக் கவுண்டி கோர்ட்டில் சிடிஎல் வழக்கு நடத்தியவரா என்று முதலில் கேளுங்கள். நான் நேரில் வராமல் முடியுமா என்று கேளுங்கள்; பல இடங்களில் முடியும், ஒரு லோடும் வீணாகாது. கடைசியாக, “இது முடிந்தபிறகு என் எம்விஆரில் என்ன வரி இருக்கும்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் “கவலைப்படாதீங்க, ரெக்கார்டிலேயே வராது” என்று மட்டும் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். சிடிஎல் விதி அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

படி 5: எழுத்தில் தெரிவிப்பது

குற்றம் உறுதியானால் 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்த வண்டியில் வாங்கியதானாலும் சரி, பார்க்கிங் தவிர எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெயர், லைசென்ஸ் எண், தீர்ப்புத் தேதி, என்ன மீறல், அதனால் லைசென்ஸ் முடக்கம் ஏதாவது வந்ததா, கமர்ஷியல் வண்டியா இல்லையா, நடந்த இடம், கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் நடந்தது என்றால் லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். பல மாநிலங்கள் தாங்களே பகிர்ந்துகொள்கின்றன, உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் இல்லாத நேரமென்றாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸே முடக்கப்பட்டால் 30 நாளெல்லாம் கிடையாது. தகவல் கிடைத்த மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். முடங்கியது தெரிந்தும் டிரக்கை எடுத்தால் அந்தச் சாதாரண டிக்கெட் ஓராண்டுத் தடையாக வளர்ந்துவிடலாம்.

சொல்லாமல் இருந்தால் தெரியாது என்பது வீண் நம்பிக்கை. கம்பெனி வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் எம்விஆரை எடுத்துப் பார்த்தாக வேண்டும். டிரைவரே வருடாந்தரப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் பழைய முறை 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது. மாற்றம் வந்தவுடனே தானாகத் தகவல் வரும் சேவையையும் பல கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கின்றன. டிக்கெட்டை மன்னிக்கும் சேஃப்டி மேனேஜர்கள் உண்டு, மறைத்ததை மன்னிப்பவர்கள் குறைவு.

படி 6: ரெக்கார்டைச் சரிபார்ப்பது

கோர்ட்டில் ஜெயித்துவிட்டு இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வழக்கு தள்ளுபடியானால் எம்விஆரில் வராது, ஆனால் பிஎஸ்பியில் அந்தச் சோதனை மீறல் தானாக அழியாது. டேட்டாக்யூஸ் என்ற எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் போய், கோர்ட் கொடுத்த சான்றளித்த தீர்ப்பு நகலை ஏற்றி, நீங்களேதான் கேட்க வேண்டும். 2014 ஆகஸ்ட் 23-க்குப் பிந்தைய சோதனைகளுக்கு இந்த வழி இருக்கிறது. தள்ளுபடி அல்லது குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் அந்த மீறல் பிஎஸ்பியிலிருந்தும் கம்பெனியின் சிஎஸ்ஏ கணக்கிலிருந்தும் நீங்கும். குறைந்த குற்றச்சாட்டாக மாறியிருந்தால் அப்படியே குறித்து, கனத்தைக் குறைப்பார்கள். சோதனை அறிக்கையில் டிக்கெட் எண் இருக்க வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

வழக்கு முடிந்து ஓரிரு மாதம் கழித்து எம்விஆரையும் பிஎஸ்பியையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். டாக் ரிப்போர்ட்டில் தப்பாக ஏதாவது இருந்தால் எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை கூட்டாட்சிச் சட்டப்படி உங்களுக்கு உண்டு. அறிக்கை கொடுக்கும் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும்.

படி 7: அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

விண்ணப்பத்தில் கடந்த மூன்று ஆண்டு மீறல்களையும், 10 ஆண்டு வேலை வரலாற்றையும் கேட்பார்கள். புதிய கம்பெனி, நீங்கள் லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மூன்று ஆண்டு எம்விஆரை வரவழைக்கும். பழைய கம்பெனிகளையும் விசாரிக்கும். பிஎஸ்பியைப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் தரமாட்டேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே அவர்கள் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எம்விஆரில் உள்ள தேதியையும் மீறலையும் அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் தேதி மாறும், அது பொய் போலத் தெரியும். சோதனையில் வந்து டிக்கெட்டாக மாறாத வார்னிங்குகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் இரண்டு வரியில் சொல்லலாம். பெரிய கம்பெனிகளின் கணினி எண்ணிக்கையைப் பார்த்து உடனே நிராகரிக்கும், மனிதர் யாரும் படிக்கவே மாட்டார்கள். சிறிய கம்பெனியில் ஆளோடு பேசலாம். ஆனால் அங்கேயும் கடைசி வார்த்தை இன்சூரன்ஸ்காரருடையது. அதனால் போனில் முதல் கேள்வியாகவே “மூன்று ஆண்டில் எத்தனை மீறல் வரை உங்க இன்சூரன்ஸ் ஏற்கும்?” என்று கேட்டுவிடுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர் இதே கேள்வியைத் தன் ஏஜென்ட்டிடம், பாலிசி புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போதே கேட்க வேண்டும். வேறு இடத்தில் விலை விசாரிக்க அந்த அவகாசம் தேவைப்படும்.